திராட்சைக்காரி

சுசானின் வீட்டுக்குள் நாற்பத்திரண்டு வருஷமாகத் திராட்சைப் பழம் நுழைந்ததில்லை. பிரான்சில் குடியிருந்துகொண்டு அப்படியொரு வைராக்கியம் காப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஒயினுக்கு மட்டும் விலக்கு உண்டு. பூசையில் சாமியாரே குடிக்கிறார், அதை எப்படித் தடுப்பது? ஆனால் பழமாக, கொத்தாக, கண்ணுக்கு எதிரே வந்தால் அவள் முகம் சுண்டிவிடும். பாரிசில், லா ஷப்பல் வட்டாரத்து வீட்டிலிருந்து படியிறங்கித் தெருவைக் கடந்தால் புனிதவதியின் காய்கறிக் கடை. முருங்கைக்காயும் வல்லாரையும் உள்ளே இருக்கும், வாசலில் திராட்சைதான் இருக்கும்.

“நல்ல இனிப்பு, அக்கா. ஒரு கிலோ போடட்டே? கப்பித்தேன் ஐயா விரும்பிச் சாப்பிடுவார்.”

“அவருக்கு ஒத்துக்காது புனிதா.”

சுத்தப் பொய். அவள் புருஷன் கப்பித்தேன் ரேமண்டுக்கு எழுபத்தைந்து வயதிலும் கல்லைத் தின்றால் கல் செரிக்கும். ஒத்துக்கொள்ளாதது சுசானுக்குத்தான்.

ரேமண்ட் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி அதிகாரியாகி, கப்பித்தேன், அதாவது கேப்டன், வரை உயர்ந்தவர். 1983இல் பெய்ரூத் நகரம் உள்நாட்டுப் போரில் இரண்டாகக் கிழிந்து கிடந்தபோது, நடுவில் காவல் நிற்கப் போன படையில் அவர் லெப்டினன்ட். சுசான் அப்போது ரெட்டியார்பாளையத்தில், ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை.

வாரம் ஒரு கடிதம் தவறாமல் வரும். வந்து என்ன? ரேமண்ட் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளியில். தமிழை வாய் நிறையப் பேசுவார், ஒரு எழுத்து எழுதவோ படிக்கவோ வராது. சுசான் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். பிரெஞ்சில் ‘போன்ழூர்’ தாண்டி ஒன்றும் தெரியாது. புருஷன் எழுதியதைப் பெண்டாட்டியால் படிக்க முடியாது, பெண்டாட்டி எழுதினால் புருஷனால் படிக்க முடியாது. பாண்டிச்சேரியில் இது ஒரு அதிசயமே இல்லை, பட்டாளத்து வீடுகளில் பாதி இப்படித்தான் குடும்பம் நடத்தின. அதற்கென்று தெருவுக்கு ஒரு மேரிறோஸ் அக்கா இருந்தாள்.

மேரிறோஸ் அக்கா கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். கடிதத்தைக் கண்ணருகே பிடித்து, மனசுக்குள் ஒரு வரி ஓட்டிவிட்டு, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். பிறகு சுசான் பதிலைத் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் எழுதித் தபாலில் போடுவாள். இரண்டு பேரின் தாம்பத்தியம் அந்த அம்மாளின் தையல் மெஷின் மேஜையில் நடந்தது என்றே சொல்லலாம்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் வந்த கடிதத்தைத்தான் சுசான் மனப்பாடமாக வைத்திருந்தாள். காவல் சாவடிக்கு ஒரு பெண் வருகிறாளாம். கையில் சின்னப் பெண் குழந்தை. மலையிலிருந்து திராட்சை கொண்டுவந்து விற்பவளாம். ரேமண்டைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவாளாம். குழந்தை அவர் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு சிரிக்குமாம். நமக்கும் இப்படியொரு பெண் பிறக்கட்டும் என்று எழுதியிருந்தாராம். மேரிறோஸ் அக்கா இதைச் சொல்லும்போது நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வெக்கை என்றாள். சுசான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்தான் பிறந்தது, ஸ்டெஃபானி.

ஏப்ரலில் ரேமண்ட் விடுப்பில் வந்தார். வந்த மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது, சுசான் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “ஆமா, அந்தப் பொண்ணும் கொழந்தையும் நல்லா இருக்காங்களா?”

ரேமண்ட் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். கை கழுவினார். வெளியே போனவர் சாயங்காலக் கோயில் மணி அடித்த பிறகுதான் வீடு திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு பெண்டாட்டி இதற்கு மேல் என்ன சாட்சி கேட்பாள்? சுசான் தானே வழக்குப் போட்டு, தானே விசாரித்து, தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். அழகான திராட்சைக்காரி, தனியாக இருந்த ஆம்பளை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

பாரிசுக்கு வந்தார்கள். சுசான் பள்ளிக்கூடக் கந்தீனில் தட்டுக் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் பிரெஞ்சு படித்து, நாலு வருஷத்தில் தினசரிப் பேப்பரைத் தானே படிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் அலமாரிக்கு மேல் பழைய கடிதங்கள் இருந்த பெட்டியை மட்டும் தொடவில்லை. ரேமண்ட் அதை ஒருதரம் கீழ்த்தட்டில் வைத்தார், கை எட்டுகிற இடத்தில். அவள் மறுபடியும் தூக்கி மேலே வைத்தாள். மாதம் நாளாக, வருஷம் மாதமாக ஓடிப்போயிற்று.

குறை சொல்லக்கூடாது, நல்ல புருஷன்தான். அதட்டிப் பேசமாட்டார். ஒரே ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் மெத்ரோ வாசல் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வருவார். பொண்டி என்ற புறநகரிலிருந்து மகள் வந்தாலும் சரி, தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவன் ஆனாலும் சரி. வழி தெரியாத யாராவது தெருவில் நின்று கேட்டால் இப்படிப் போ, அப்படிப் போ என்று சொல்லமாட்டார். தானும் கூடவே நடப்பார். புனிதவதி கடையைச் சாத்திவிட்டு தன் வீடிருக்கும் வில்லியே லே பெல்லுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பினால், மழையென்றாலும் குடையோடு கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் போவார். பெரிய இடத்து மரியாதை என்று தெருவே மெச்சியது. சுசானுக்கு மட்டும் எரிச்சல். ஊரையெல்லாம் வழியனுப்புகிற மனுஷன், வீட்டுக்குள் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதில்லை.

பெட்டியைத் திறக்கவைத்தவள் புனிதவதிதான். சனிக்கிழமைகளில் அவள் படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளியில் ஆண்டுவிழா. யுத்த காலத்தில் ஊரிலிருந்து வந்த கடிதங்களைச் சட்டம்போட்டு வைக்கப் போகிறார்களாம்.

“கப்பித்தேன் ஐயாவும் ஒரு சண்டைக்கை நிண்டவர்தானே. உங்களுக்கு எழுதின கடிதம் ஒண்டு தாங்கோவன், அக்கா. நீங்களே தமிழிலை வாசியுங்கோ.”

சுசானுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. யாரும் இதுவரை அவளை மேடையேறச் சொன்னதில்லை. எதைப் படிப்பது என்று யோசித்தால், திரும்பத் திரும்ப அந்த அக்டோபர் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. இருப்பதிலேயே அழகான கடிதம் அதுதான். தனக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது. திராட்சைக்காரிக்கும் வயதாகிப் பல் விழுந்திருக்கும். போகிறாள், அவளையும் மேடையேற்றிவிடுவோம் என்று முடிவுகட்டினாள்.

வியாழக்கிழமை காலை. கணப்புக் குழாயைப் பார்க்க வந்தவனை ஏற்றிவிட ரேமண்ட் கிளம்பியதும், நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். ஸ்டெஃபானியின் புதுநன்மைச் சடங்குக்கு வாங்கிய செருப்பின் பெட்டி. அக்டோபர் முத்திரையைத் தேடி எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

திராட்சையைக் காணோம்.

முன்பக்கம், பின்பக்கம், ஓரத்தில் நெருக்கி எழுதியது என்று எல்லாம் பார்த்தாள். வேறு கடிதமோ என்று தேதியைப் பார்த்தாள். அதே தேதிதான். பிறகு முதல் வரியிலிருந்து, கந்தீனில் மெனு அட்டை படிக்கிறவளைப் போல விரல் வைத்துப் படித்தாள்.

‘சுசான், திங்கட்கிழமை காலை என் சாவடிக்கு ஒரு பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பெண் குழந்தை. நகரத்தைப் பிரிக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா இருக்கிறாளாம். போகலாமா என்று கேட்டாள். இரண்டு நாளாக அமைதியாக இருந்தது. வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போகலாம் என்றேன். என் சீருடையைப் பார்த்துவிட்டு நன்றி சொன்னாள். குழந்தை திரும்பிப் பார்த்துக் கையாட்டியது. இருநூறு மீட்டர் போயிருப்பார்கள். மாடியிலிருந்து சுட்டார்கள். முதலில் அம்மா. பிறகு, சுடாமல் விட்டிருக்கலாம், குழந்தை. அறிக்கையில் பொதுமக்கள் இருவர் என்று எழுதினேன். நான் சொன்ன வார்த்தையை எழுதவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். நம் குழந்தையைத் தொட எனக்கு யோக்கியதை இருக்கிறதா, நீ சொல். தப்பு என் மேல் என்றால் அப்படியே எழுது. எதை எழுதினாலும் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.’

சுசான் கடிதத்தை மடிக்கவில்லை.

மேரிறோஸ் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்துபோனது அப்போதுதான் புரிந்தது. வரியை மனசுக்குள் ஓட்டியிருக்கிறாள்: ஒரு பெண், கையில் குழந்தை. அவ்வளவும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மீதி கண்ணில் பட்டிருக்கிறது. எதிரே இரண்டு முறை கலைந்த வயிற்றோடு ஒருத்தி வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்வார்களா? ஊரில் பக்கத்து வீட்டில் எழவு விழுந்தாலே கதவைச் சாத்தி வைப்பார்களே. உயிர்போன இரண்டு பேரையும் அங்கேயே பிழைக்கவைத்து, கையில் திராட்சைக் கூடையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள் மகராசி. பிரசவத்துக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். நாளாக ஆக வாய் வந்திருக்காது. இப்போது கேட்கலாமென்றால் அவள் கல்லறையில் படுத்து இருபத்தேழு வருஷமாகிறது.

இதற்கு அவள் அன்று சொல்லி அனுப்பிய பதில்? அதுவும் ஞாபகம் வந்தது. கிணற்றில் மழைத்தண்ணீர் கலந்துவிட்டது. பெருச்சாளி சோப்பைத் தின்றுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே என்று கேட்ட மனுஷனுக்குப் பெருச்சாளிக் கதை போயிருக்கிறது.

அதோடு நின்றதா? ஏப்ரலில் அவளே தன் வாயால் கேட்டாளே, சிரித்துக்கொண்டு கேட்டாளே.

அவர் இன்னும் அரைமணியில் வந்துவிடுவார். என்ன சொல்வது? ‘உங்கள் மேல் தப்பில்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாலு வார்த்தை, சொல்லிவிட்டுச் சோறு போடலாம். ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

புனிதவதி வெண்டிக்காய் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“புனிதா, ஒண்ணு கேக்கணும். ஊர்ல சண்ட நடந்தப்ப, ரோட்ல நிக்கிற பட்டாளத்துக்காரன்கிட்ட வழி கேட்டிருக்கியா? போலாமா, கூடாதான்னு?”

“கேக்காமல் எப்பிடி அக்கா போறது? எங்கட சின்னம்மா அப்பிடிக் கேட்டுத்தானே போனவ. ஒருத்தன் போகலாம் எண்டு கையைக் காட்டினவன். அரை மணித்தியாலத்துக்குள்ளை அந்த ரோட்டிலை செல் விழுந்து வெடிச்சு, அவ செத்துப்போனா.”

“அவன் தெரிஞ்சே அனுப்பினானா?”

“ஆருக்குத் தெரியும்? அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.” புனிதவதி ஒரு முற்றல் காயை ஒடித்துப் பார்த்து ஒதுக்கினாள். “அம்மா பத்து வருசம் அவனைத் திட்டினவ. விளக்கு வைக்கேக்கை ஒவ்வொரு நாளும். பேரும் தெரியாது, முகமும் தெரியாது.”

“அப்புறம் நிறுத்திட்டாங்களா?”

“இல்லை. ஒருநாள் மட்டும் சொன்னவ, அவன் வந்து, நான்தான் சொன்னனான் எண்டு முகத்துக்கு நேரை சொன்னால், அண்டைக்கு நிப்பாட்டுவன் எண்டு. ஆர் வரப்போறான்?” நிமிர்ந்து பார்த்தாள். “என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

“வேணாம். அவரு வந்துடுவாரு.”

ரேமண்ட் வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். மேஜையில் கடிதம் விரித்தபடி இருந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

“இத ஏன் இப்ப எடுத்தே?”

“இன்னிக்குத்தான் படிச்சேன்.”

“திரும்பவும் எதுக்குப் படிச்சே? அப்பவே மேரிறோஸ் அக்கா படிச்சுக் காட்டினாங்கல்ல?”

“அக்கா படிச்சது வேற.”

சொன்னாள். திராட்சைக்காரி, கூடை, தொப்பி போட்டுச் சிரித்த குழந்தை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த அம்மாளின் குரல் காதில் கேட்டது. ரேமண்ட் அசையாமல் கேட்டார்.

“திராட்சையா?” என்றார் கடைசியில். “பெய்ரூத்துல நான் ஒரு திராட்சையக் கண்ணால பாக்கல, சுசான்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒன் பதில் வந்துச்சு. பெருச்சாளி சோப்பத் தின்னுடுச்சுன்னு இருந்துச்சு. இதப்பத்தி ஒரு வரி இல்ல. சரி, இந்தப் பாவத்த வீட்டுக்குள்ள கொண்டாராதேன்னு சொல்றா போலன்னு நெனச்சேன். அப்புறம் லீவுல வந்தப்ப நீயே கேட்டே. நல்லா இருக்காங்களான்னு. சிரிச்சிக்கிட்டே கேட்டே.”

“குத்திக் காட்டுறேன்னு நெனச்சீங்களா?”

“வேற என்னா நெனைக்கிறது? கேக்க ஒனக்கு உரிமை இருக்குதுன்னு நெனச்சேன். பாரிசு வந்து நீ பிரெஞ்சு படிச்சே. ஒங் கைக்கு எட்டுறாப்பல பெட்டிய எடுத்து வெச்சேன். ஒருவாட்டி நீயாப் படிச்சா எதனா சொல்லுவேன்னு. நீ தூக்கி மேல வெச்சிட்டே.”

“அவளோட ஒங்களுக்குத் தொடுப்புன்னு நெனச்சேன்,” என்றாள் சுசான். சொன்ன பிறகுதான் அதன் கேவலம் உறைத்தது. நாற்பத்திரண்டு வருஷம், செத்துப்போன ஒரு தாயோடு சக்களத்திச் சண்டை போட்டிருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லிப் பழத்தைக்கூட வீட்டில் சேர்க்கவில்லை.

ரேமண்ட் அவளை வெறித்துப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். இரண்டுமில்லாமல் கடிதத்தை மடிக்கப் போனார்.

“போவுது, விடு. யாரு மேலயும் குத்தம் இல்ல. வயசாயிடுச்சி, இனிமே இத வெச்சிக்கிட்டு என்னா பண்ணப்போறோம்?”

சுசான் கடிதத்தின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“விட முடியாது. எழுதாம மட்டும் இருந்துடாதேன்னு கேட்டிருக்கீங்க. இப்பத்தான் எங் கைக்கு வந்துச்சு. இப்ப சொல்றேன்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். ராணுவத்தில் தண்டனை கேட்க நிற்பவனைப் போல முதுகு நிமிர்ந்தது. எழுபத்தைந்து வயதில் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. தப்பே இல்லை என்று சொல்லிவிடு என மனசு கெஞ்சியது. சொன்னால் அது மேரிறோஸ் அக்கா செய்ததைப் போல இன்னொரு கூடைத் திராட்சை, வேறென்ன?

“ஒங்க மேல தப்பு இருக்குது,” என்றாள். “தெரியாத வழிய தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், கேக்கல. அந்தப் பக்கம் ஒரு கெழவி, மகளையும் பேத்தியையும் எதிர்பாத்து நின்னிருப்பா. சாவுற வரைக்கும் ஒங்களத் திட்டியிருப்பா. திட்ட அவளுக்கு நாயம் இருக்குது. நானா இருந்தாலும் திட்டியிருப்பேன்.”

ரேமண்ட் தலையாட்டினார்.

“சுட்டது நீங்க இல்ல. அதுவும் நெசந்தான். ரெண்டும் நெசம். ரெண்டையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வாங்க, கொழந்தையத் தூக்குங்கன்னு சொல்லியிருப்பேன். அக்கா ஒழுங்காப் படிச்சிருந்தா, அப்பவே இதத்தான் எழுதச் சொல்லியிருப்பேன்.”

அவர் உடைந்துவிடுவார் என்று பயந்தாள். உடையவில்லை. மூச்சுதான் நீளமாக வந்தது, பாரத்தை இறக்கி வைத்தவனுக்கு வருவதைப் போல. வீட்டுக்கு வாங்க என்ற வார்த்தைக்கு அல்ல, தப்பு இருக்கிறது என்ற வார்த்தைக்கே அந்த மூச்சு வந்தது என்பதை அவள் கவனித்தாள். பிறகு அவரே சொன்னார்: பெரிய அதிகாரியிடம் ஒருதரம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தாராம். இருவருமே உன் தப்பு இல்லை என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

“அவங்க பேரு தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள்.

“தெரியும். பேப்பர்ல பாத்து எழுதினேன். அம்மா பேரு நாதியா. கொழந்த பேரு ரீமா.”

அந்த வீட்டில் அந்தப் பெயர்கள் ஒலித்தது அதுவே முதல் தடவை. ரேமண்ட் மேஜையைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே, குழந்தை போட்டிருந்த சட்டையிலிருந்து சொல்லத் தொடங்கினார். சுசான் எழுந்து அடுப்பை அணைத்தாள். பிறகு எதிரே வந்து உட்கார்ந்து, கடைசி வரைக்கும் கேட்டாள்.